ஹெண்டர்சனுக்கு வீடியோ இருக்கு... மரிய இருதயத்துக்கு?

"வடசென்னை" படத்தில் கேரம் ஆடும் அன்புவைத் தெரியாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2018ல் வந்த படம், வெற்றிமாறன் இயக்கம், தனுஷ் நடிப்பு. சரி, அடுத்த கேள்வி. மரிய இருதயத்தைத் தெரியுமா?

தெரியாது என்றால் வெட்கப்பட வேண்டாம், நிறைய பேருக்குத் தெரியாது. சென்னைக்காரர். 1991, 1995 என்று இரண்டு முறை கேரம் உலக சாம்பியன். ஒன்பது முறை தேசிய சாம்பியன். கேரம் ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கிய முதல் வீரர் (1996). அன்பு கற்பனைப் பாத்திரம், இவர் நிஜம். ஆனால் கற்பனையைத்தான் ஊருக்கே தெரிகிறது!

இங்கே கொஞ்சம் ஐஸ் ஹாக்கி பேச வேண்டும். எண்ணூர் வெயிலில் ஐஸ் ஹாக்கியா என்று சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

1972ல் கனடாவும் சோவியத் யூனியனும் எட்டு ஆட்டங்கள் கொண்ட தொடரில் மோதின. ஏழு ஆட்டங்கள் முடிந்தபோது ஆளுக்கு மூன்று வெற்றி, ஒன்று டிரா. செப்டம்பர் 28, மாஸ்கோ. கடைசி ஆட்டம் 5-5 என்று நிற்கிறது. முடிய 34 விநாடி இருக்கும்போது பால் ஹெண்டர்சன் கோல் அடிக்கிறார். கனடா ஜெயிக்கிறது. அந்த கோல் விழுந்த நேரத்தில் தான் எந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லும் கனடாக்காரர்கள் இன்றைக்கும் உண்டு. ஜெயித்தவர்களை மட்டும் அல்ல, எதிரணியின் கோல்கீப்பர் திரெத்தியாக்கையும் மறக்கவில்லை. 1989ல் டொரண்டோவில் உள்ள ஹாக்கி புகழரங்கத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

கனடாக்காரனுக்கு மட்டும் ஞாபகசக்தி அதிகமா? அதெல்லாம் இல்லை. வீடியோ இருக்கிறது, ஸ்கோர் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. தாத்தா கொஞ்சம் உப்பு புளி சேர்த்துக் கதை சொன்னாலும் பேரன் சரிபார்த்துக்கொள்ளலாம். 34 விநாடியை யாரும் 4 விநாடி ஆக்க முடியாது.

வடசென்னை கேரம் கிளப்புகளில் நடப்பது வேறு. போர்டுக்கு மேலே ஒரு பல்பு, கை பட்ட இடமெல்லாம் பவுடர், சுற்றி நாலு பேர் நின்று பார்ப்பார்கள். பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச்சு ஓடும். "அவரு அடிச்சா ரெட்டும் ஃபாலோவும் ஒண்ணா போவும் பா!" கேட்க சுகமாக இருக்கும். எந்த வருஷம்? எதிரே யார்? எத்தனை போர்டு ஆட்டம்? அங்கேதான் பேச்சு நின்றுவிடும். ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் வேறு சொல்வார். எழுதி வைத்த தாள் ஒன்று இருந்தால் சண்டை இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

இது வெறும் பழம்பெருமை விஷயம் என்று நினைக்கலாம். இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை ஆகட்டும், நலிந்த முன்னாள் வீரர்களுக்கு அரசு தரும் ஓய்வூதியம் ஆகட்டும், முதலில் கேட்பது சான்றிதழ். கிளப் நண்பர்களின் ஞாபகத்தை ஜெராக்ஸ் எடுத்து விண்ணப்பத்தோடு இணைக்க முடியாது. வணிகவியல் படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், இது கணக்குப் புத்தகத்தில் ஏறாத சொத்து. சொத்து இருந்தும் பேலன்ஸ் ஷீட்டில் பூஜ்யம்.

"கேரம் ஒலிம்பிக்கிலேயே இல்லையே, அதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒலிம்பிக்கில் இல்லை என்பதால்தான் இவ்வளவு! ஒலிம்பிக் ஆட்டமாக இருந்தால் எங்கோ ஒரு அலுவலகத்தில் யாராவது பதிவு வைத்திருப்பார்கள். கேரமுக்கு ஊர்க்காரர்கள் வைத்தால்தான் உண்டு. அதுவும் எந்த ஊர்? சர்வதேச கேரம் சம்மேளனம் 1988ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருப்பது உண்மை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டை காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுநரின் மகள், அப்போது வயது 17. தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. மனசார வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் அதே வடசென்னையில், வியாசர்பாடியிலிருந்து போன இளவழகி 2008ல் பிரான்சில் உலக சாம்பியன் ஆனார். பதினாறு வருஷம்தான் இடைவெளி. காசிமாவுக்குக் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு இளவழகி ஞாபகம் வந்தது? பரிசுத்தொகை ஒரு நாள் செய்தி. அடுத்த சாம்பியன் வந்ததும் முந்தைய சாம்பியன் மறந்துபோவார் என்றால், இன்று காசிமாவுக்குத் தட்டும் கைதட்டலுக்கும் ஆயுசு அவ்வளவுதான்.

இதற்குப் பெரிய மியூசியம் எல்லாம் வேண்டாம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஆளுக்கு ஒரு பழைய ஆட்டக்காரரைப் பிடித்தால் போதும். கையில் போன் இருக்கிறது, பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். பீரோவில் கிடக்கும் பேப்பர் கட்டிங்கையும் சான்றிதழையும் போட்டோ எடுக்கலாம். வருஷம், ஊர், எதிராளி, ஸ்கோர்... இந்த நாலையும் மறக்காமல் கேட்க வேண்டும். "செம ஆட்டம் பா" என்பதையும் சேர்த்தே எழுதலாம், தப்பில்லை. அது ரசிகனின் உரிமை. ஆனால் பக்கத்தில் ஸ்கோரும் இருக்கட்டும்.

கல்லூரியில் எத்தனையோ பிராஜெக்ட்டைக் காப்பி அடித்து ஒப்பேற்றுகிறார்கள். இதைக் காப்பி அடிக்க முடியாது. இன்னும் யாரும் எழுதாத பாடம் இது. சொல்லித்தர ஆள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.