ஆல்ஃபாஸ்டார் ஜெயித்தது எதை?

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஒரு வரிசை தானாக வந்து விழுகிறது. 1997இல் சதுரங்கம் போயிற்று, 2016இல் கோ என்ற பலகை விளையாட்டு போயிற்று, 2019இல் ஸ்டார்கிராஃப்டும் போயிற்று. நிகழ்நேர வியூக விளையாட்டிலும் மனிதன் தோற்றுவிட்டான், அந்தக் கணக்கு முடிந்தது என்கிறார்கள். முதல் இரண்டைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. கைப்பேசியில் ஓடும் சதுரங்க மென்பொருளை இன்று உலக சாம்பியனாலும் வெல்ல முடியாது. மூன்றாவதைத்தான் மறுக்கிறேன். ஸ்டார்கிராஃப்டில் நடந்ததை ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தவர்கள் அதை அந்த வரிசையில் சேர்க்க மாட்டார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்டார்கிராஃப்ட் II, பிளிஸ்ஸார்டு நிறுவனம் 2010இல் வெளியிட்டது. சதுரங்கத்தைப் போல இதில் மாறி மாறிக் காய் நகர்த்துவது கிடையாது, இருவரும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். கனிமம் எடுக்க வேண்டும், கட்டடம் கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும். எதிராளியின் பக்கம் முழுக்க இருட்டு. வேவு பார்க்க ஆள் அனுப்பினால் அந்த இடம் மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும் தெரியும். கைவேகம் இங்கே பாதி ஆட்டம். மறு பாதி, இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் என்ன திட்டம் போடுகிறார் என்று ஊகித்து அதற்கு மாற்றுச் செய்வது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததுதான் ‘மனிதன் தோற்றான்’ என்ற பேச்சின் கோளாறு.

அந்தப் பேச்சின் முதல் ஆதாரம் பத்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கு. 2018 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற நிரல், டிஎல்ஓ என்ற ஜெர்மானிய ஆட்டக்காரரை ஐந்துக்குப் பூஜ்யம், மானா என்ற போலந்து ஆட்டக்காரரை ஐந்துக்குப் பூஜ்யம் என்று வென்றது. 2019 ஜனவரி 24 அன்று உலகுக்கு அறிவித்தார்கள். கணக்கு சரிதான், ஆனால் எந்த நிபந்தனையில் வந்த கணக்கு? விளையாட்டில் மூன்று இனங்கள் உண்டு. ஆல்ஃபாஸ்டாருக்கு அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று, புரொடாஸ். அதுவும் எதிரில் புரொடாஸ் இருந்தால்தான் ஆடத் தெரியும், அதுவும் ஒரே மேப்பில். டிஎல்ஓ ஸெர்க் இனத்து ஆட்டக்காரர், அவரைப் புரொடாஸ் ஆடச் சொன்னார்கள். வலக்கைப் பந்துவீச்சாளரை இடக்கையால் வீசவிட்டு எடுத்த ரன் அது. மானா புரொடாஸ்காரர், நல்ல தொழில்முறை ஆட்டக்காரர், ஆனால் உலக சாம்பியன் இல்லை.

இன்னொரு விவரம் இதைவிட முக்கியமானது, அதைப் பலரும் சொல்வதே இல்லை. மானா ஆடிய ஐந்து ஆட்டமும் ஒரே எதிராளியோடு அல்ல. ஆல்ஃபாஸ்டார் என்பது பல ஆட்டக்காரர்களை ஒருவருக்கு எதிராக ஒருவரை மோதவிட்டு வளர்த்த கூட்டம். அதிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வேறொன்றை இறக்கினார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றவர் இரண்டாவதில் என்ன செய்வார்? ‘இவர் இப்படித் தொடங்குகிறார், இந்த இடத்தில் பேராசைப்படுகிறார், அங்கே அடிக்கலாம்’ என்று கணக்குப் போடுவார். தொடர் ஆட்டம் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். மானா கணக்குப் போட்டபோது எதிரில் ஆள் மாறியிருந்தது.

‘வேகத்தால் ஜெயிக்கவில்லை, சராசரி வேகம் மனிதரைவிடக் குறைவுதான்’ என்பது அடுத்த வாதம். நிமிடத்துக்கு எத்தனை செயல் என்பதை ஏபிஎம் என்பார்கள். ஆல்ஃபாஸ்டாருக்குச் சராசரி சுமார் 277, மானாவுக்கு 390, டிஎல்ஓவுக்கு 678 என்று காட்டினார்கள். பார்த்ததும் நம்பத் தோன்றும் எண்கள். ஆனால் மனிதரின் ஏபிஎம்மில் பெரும்பகுதி வெறும் தட்டல். விரல் சூடு ஆறாமல் இருக்க ஒரே கட்டளையைப் பத்து முறை கொடுப்பார்கள். டிஎல்ஓவின் எண், ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் கட்டளை அருவியாகக் கொட்டும் அமைப்பினால் வீங்கிய எண். இயந்திரத்தின் தட்டலில் வீண் குறைவு. மேலும் சராசரி என்பது அமைதியான நிமிடங்களையும் சேர்த்துப் பார்ப்பது. சண்டை மூண்ட சில நொடிகளில் ஆல்ஃபாஸ்டாரின் வேகம் நிமிடத்துக்கு ஆயிரம் என்ற அளவைத் தாண்டியது, ஒவ்வொரு சொடுக்கும் குறி தப்பாமல். ஆறு சராசரியாக முழங்கால் ஆழம் என்று கேட்டு நம்பி இறங்கியவன் எங்கே மூழ்குவான் என்று சொல்ல வேண்டியதில்லை.

மானாவோடு நடந்த ஓர் ஆட்டத்தின் கடைசிச் சண்டையைப் பார்த்தால் இது விளங்கும். மானா இம்மார்ட்டல்களைக் குவித்திருந்தார். ஆல்ஃபாஸ்டாரிடம் ஸ்டாக்கர்கள். இம்மார்ட்டல் என்ற படைப்பிரிவே ஸ்டாக்கர் போன்றவற்றை நொறுக்குவதற்காக வடிவமைத்தது. எதிராளி என்ன கட்டுகிறார் என்று பார்த்து, அதற்கு எதிரானதைக் கட்டியவர் மானா. வியூகம் அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் ஸ்டாக்கர்களுக்கு ‘பிளிங்க்’ உண்டு, கண் இமைப்பதற்குள் சற்றுத் தள்ளிப் போய் நிற்கும் வித்தை. ஆல்ஃபாஸ்டார் படையை மூன்றாகப் பிரித்து மூன்று திசையிலிருந்து சூழ்ந்தது. அடிபட்ட ஒவ்வொரு ஸ்டாக்கரும் சாவதற்கு ஒரு நொடி முன்னால் பின்னுக்குத் தாவியது, ஒரே நேரத்தில் மூன்று பக்கமும். மனிதருக்குத் திரை ஒன்று. மூன்று முனையையும் பார்க்க வேண்டுமானால் திரையை மாற்றி மாற்றி நகர்த்த வேண்டும். அப்போதைய ஆல்ஃபாஸ்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. தன் படைகளின் கண்ணுக்குப் பட்டது எல்லாம், மேப்பின் எந்த மூலையில் இருந்தாலும், ஒரே சமயத்தில் அதற்குத் தெரியும். மானா சரியான படையைக் கட்டித் தோற்றார். அதை வியூகத்தில் தோற்றார் என்று எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இனி எல்லோரும் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடும் பதினோராவது ஆட்டம். அறிவிப்பு நாளன்று நேரலையில், திரையை நகர்த்திப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு பயிற்றிய புதிய பதிப்பு மானாவோடு மோதியது. பயிற்சி ஏழு நாள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மானா, படைகளைச் சுமந்து பறக்கும் வார்ப் பிரிசத்தில் இரண்டு இம்மார்ட்டல்களை ஏற்றி, எதிரியின் தளத்து ஓரத்தில் இறக்கினார். மானாவின் வீட்டை நோக்கிக் கிளம்பியிருந்த ஸ்டாக்கர் படை மொத்தமும் திரும்பி ஓடிவந்தது. வந்து சேர்வதற்குள் இம்மார்ட்டல்கள் ஊர்திக்குள் ஏறிவிட்டன, ஊர்தி தளத்துக்கு வெளியே நழுவிவிட்டது. ஸ்டாக்கர்கள் மறுபடி கிளம்பின. ஊர்தி மறுபடி வந்து இறக்கியது. படை மறுபடி திரும்பியது. இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஃபீனிக்ஸ் விமானம் கட்டி ஊர்தியை விரட்டியிருக்கலாம், நாலைந்து ஸ்டாக்கரை வீட்டில் காவலுக்கு நிறுத்தியிருக்கலாம். விளையாடத் தொடங்கிச் சில மாதம் ஆனவருக்கும் இரண்டாம் முறையிலேயே இது உறைக்கும். ஆல்ஃபாஸ்டாருக்கு உறைக்கவில்லை. அது போய்வந்துகொண்டிருந்த நேரத்தில் மானா நிதானமாகப் படையைப் பெருக்கினார், அடித்தார், வென்றார். ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்து, அது பலிக்கிறது என்று தெரிந்ததும் அதையே பிடித்துக்கொண்ட மனிதரை அன்று பார்த்தேன். இந்த ஆட்டத்தை நான் நேசிப்பது இதற்காகத்தான்.

‘அதெல்லாம் ஜனவரிக் கதை, அக்டோபருக்குள் எல்லாம் சரிசெய்துவிட்டார்கள்’ என்பார்கள். இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம், இதற்கு உரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். 2019 அக்டோபரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரையின் ஆல்ஃபாஸ்டார் மூன்று இனத்தையும் ஆடியது, திரையை நகர்த்திப் பார்த்தது, ஐந்து நொடிக்கு 22 செயல் என்ற வரம்புக்குள் நின்றது. லாடர் என்ற இணையத் தரவரிசை ஆட்டங்களில், ஐரோப்பிய வட்டாரத்தில் பெயர் மறைத்து ஆடி, மூன்று இனத்திலும் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டி, 99.8 சதவீத ஆட்டக்காரர்களுக்கு மேலே நின்றது. மகத்தான பொறியியல் சாதனை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். வரம்புகளை அவர்களே இறுக்கியதிலிருந்து, ஜனவரியில் எழுந்த ஆட்சேபங்கள் நியாயமானவை என்பதும் தெரிந்துபோயிற்று.

ஆனால் 99.8 என்பது யாருக்கு மேலே? லாடரில் வேலை முடிந்து வந்து ராத்திரி இரண்டு ஆட்டம் போடுபவர்தான் பெரும்பான்மை. கிராண்ட்மாஸ்டர் என்பது ஒரு வட்டாரத்தின் முதல் இருநூறு பேர். சாம்பியன்கள் அந்த இருநூறுக்கும் உச்சியில் இருப்பவர்கள். இறுதிப் பதிப்பு, உயர்நிலை ஆட்டக்காரர்களோடு ஆடிய 90 ஆட்டத்தில் 61இல் வென்றது. மூன்றில் ஏறக்குறைய ஒன்றைத் தோற்றது. சதுரங்க மென்பொருள் மனிதரிடம் மூன்றில் ஒன்று தோற்கிறதா? மேலும், பெயர் மறைத்து ஆடியதால் எதிரில் இருந்தவர்களுக்கு யாரோடு ஆடுகிறோம் என்றே தெரியாது. அதன் பழைய ரீப்ளேக்களை, அதாவது ஆட்டப் பதிவுகளைப் பார்த்துப் படித்துவிட்டு வர வழியில்லை, அடுத்த ஆட்டத்தில் பழிதீர்க்கவும் வழியில்லை. எல்லோரையும் போல அதுவும் ஆட வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் செய்ததாகவே இருக்கட்டும். எதிராளியைப் படிப்பது என்ற மறு பாதி இங்கேயும் சோதனைக்கு வரவில்லை.

‘தானே ஆடித் தானே கற்றது’ என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அது மனிதர்களின் சுமார் 9,71,000 ரீப்ளேக்களில் தொடங்கியது. மனிதர் ஆட்டங்களை விலக்கிவிட்டுப் பயிற்றினால் திறன் பாதாளத்துக்குப் போய்விடுகிறது என்பதை அவர்களுடைய கட்டுரையே காட்டுகிறது. எதை முதலில் கட்டுவது என்ற வியூகச் சொத்தை பல ஆண்டுகளாகப் பிசி பாங்கு என்ற கொரியக் கணினி விளையாட்டு மையங்களிலும் ஐரோப்பிய அறைகளிலும் கண் விழித்துச் சேர்த்தவர்கள் மனிதர்கள்.

டோட்டா 2 என்ற அணி விளையாட்டையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். 2019 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஃபைவ் என்ற நிரல், அப்போதைய உலக சாம்பியன் ஓஜி அணியை இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றது. இங்கே வென்றது சாம்பியனையே என்பதால் இந்தச் சாட்சிக்கு எடை அதிகம். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட நாயகர்கள் உள்ள விளையாட்டில் 17 பேரை மட்டும் வைத்து ஆடிய ஆட்டம் அது. யாரைத் தேர்ந்தெடுப்பது, எதிரணிக்கு யாரை மறுப்பது என்பதுதான் டோட்டாவில் வியூகத்தின் கருவறை. அதைச் சின்ன அறையாகச் சுருக்கிவிட்டார்கள். சில நாள் கழித்து யார் வேண்டுமானாலும் மோதலாம் என்று திறந்துவிட்டபோது 7,257 ஆட்டத்தில் 42ஐத் தோற்றது. அந்த 42ஐக் கொடுத்தவர்கள் 29 அணிகள். அதாவது, வென்றவர்களில் சிலர் மறுபடியும் வென்றிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ‘மறுபடியும்’தான்.

முடிந்துபோனதாக நாம் ஒதுக்கிய கோ விளையாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. 2023இல் அமெரிக்க அமெச்சூர் ஒருவர், உச்சநிலை கோ நிரல்களில் ஒன்றான கட்டாகோவை 15இல் 14 ஆட்டம் வென்றார். சுற்றி வளைத்த காய்களைச் சுற்றி வளைக்கும் ஒரு தந்திரம், வேறொரு கணினி நிரல் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது. மனிதர் அதைக் கற்றுக்கொண்டு கையால் ஆடினார். இருட்டே இல்லாத, எல்லாம் பலகையில் தெரியும் விளையாட்டிலேயே இப்படி ஒரு பொத்தல் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

இயந்திரத்தால் என்றைக்கும் முடியாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்கள் சதுரங்கத்திலும் கோ ஆட்டத்திலும் தோற்றார்கள். நான் கேட்பது ஆட்டத்தை. ஏழில் நான்கு என்ற தொடர். போட்டிகளில் பயன்படும் மேப்கள் எல்லாம். எதிரில் அன்றைய உலக சாம்பியன், அவருடைய இனத்தோடு, அவருடைய விசைப்பலகையோடு. இயந்திரத்தின் ரீப்ளேக்கள் ஒரு மாதம் முன்னதாக அவர் கையில், அவருடையவை அதன் கையில். முதல் ஆட்டத்தில் உட்கார்ந்த அதே ஆல்ஃபாஸ்டார், பதிப்பு மாற்றாமல், ஏழாவது ஆட்டம் வரை உட்கார வேண்டும். அப்படி ஒரு தொடர் அதற்கு வைக்கப்படவே இல்லை.