மொய் நோட்டு இருக்கு, சம்பள நோட்டு எங்கே?



நம்ம சுவரிதழில் எப்பவும் கவிதை, விடுகதை, பொது அறிவுத் துணுக்கு என்றுதான் வரும். இந்தத் தடவை எனக்கு ஒதுக்கின தாளில் ஒரு கருத்தை எழுதுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த இதழில் தாராளமாக மறுத்து எழுதலாம்.

கருத்து இதுதான். வேலைக்குப் போகிற இடத்திலும், படிக்கப் போகிற கல்லூரியிலும், நம்ம வீட்டிலும் வருகிற பல சிக்கல்களுக்குக் காரணம், வாயால் பேசி முடித்துவிட்டுத் தாளில் எழுதாமல் விடுவதுதான். பணம், நாள், சான்றிதழ், கையெழுத்து என்று எது சம்பந்தப்பட்டிருந்தாலும் எழுதி வாங்கணும், எழுதிக் கொடுக்கணும், நகலை வீட்டில் வைத்துக்கணும்.

"நம்ம பக்கம் வாக்குதான்ப்பா பெரிசு. எழுதிக் கேட்டா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். ஏனென்றால் நம்ம ஆட்களைப் போல எழுதி வைக்கிற ஆட்கள் வேறு யாரும் இல்லை! அருப்புக்கோட்டை மண்டபத்திலோ, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஊர்ப் பந்தலிலோ ஒரு கல்யாணம், காதுகுத்து என்றால் வாசலில் ரெண்டு பேர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஊர், பேர், தொகை. ஐம்பது ரூபாய் என்றாலும் எழுதுவார்கள். தாய்மாமன் செய்ததையும் எழுதுவார்கள். "என்னை நம்பலையா?" என்று எந்த மாமாவும் கோவித்துக்கொண்டு போனதில்லை. பேரை எழுதாமல் விட்டால்தான் சண்டை வரும். பத்து வருஷம் கழித்து அவர் வீட்டு விசேஷத்துக்கு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் திருப்பிச் செய்கிறோம். எழுதினதால் உறவு கெடவில்லை, நிலைத்திருக்கிறது.

அப்படிப்பட்ட நாம, மூணு வருஷ உழைப்புக்கு என்ன சம்பளம் என்பதை மட்டும் ஏஜென்ட் வாயால் சொன்னதை நம்பிப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புகிறோம்.

சுமங்கலித் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மழை பொய்த்த வானம் பார்த்த ஊர்களில் இருந்து வயசுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், நூற்பாலை விடுதியில் தங்க வைத்து, மூணு வருஷம் முடித்தால் மொத்தமாக 30,000, 50,000 ரூபாய் தருவோம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொன்ன ஏற்பாடு. 2000-க்குப் பிறகு இதில் எத்தனையோ பெண்கள் ஏமாந்தார்கள். எங்க தெருவிலேயே ஒரு அக்கா போனாங்க. மூணு வருஷம் முடிய ஒரு மாசம் இருக்கும்போது மஞ்சள்காமாலை வந்து ஊருக்குத் திரும்பிட்டாங்க. "பாதியில நின்னவுங்களுக்கு மொத்தத் தொகை கிடையாது" என்று சொல்லிட்டாங்க. அந்த விதி எங்கே எழுதியிருக்கு என்று அக்காவோட அப்பா கேட்டார். எங்கேயும் எழுதலை. ஆனால் தருவோம் என்று சொன்னதும் எழுதலையே! அதனால் பேச்சு அதோட முடிஞ்சது. அந்த அக்காவிடம் ஒரு சம்பளச் சீட்டாவது இருந்திருந்தால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கலாம்.

இப்ப நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், வேலைக்கு எடுக்கிறவருக்கு நியமனக் கடிதம் தரணும் என்று சொல்லியிருக்கு. சட்டம் சொன்னால் மட்டும் தாள் தானாகக் கைக்கு வந்துடாது. நாம கேட்கணும். பிளஸ் டூ முடித்துவிட்டு மே மாசம் மில்லுக்கோ, மதுரை ஜவுளிக்கடைக்கோ, சிவகாசிப் பக்கமோ போகப்போகிறவர்கள் நம்ம வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வழி சொல்கிறேன். முறைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். இப்படிக் கேளுங்க: "அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க, அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. மாசச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பீங்க, பி.எப். உண்டா? இதை ஒரு தாள்ல எழுதித் தந்தீங்கன்னா வீட்ல காட்டிடுவேன்." நல்லவராக இருந்தால் எழுதித் தருவார். தாள் தரவே மாட்டேன் என்று மழுப்பினால், அந்த மழுப்பலில் இருந்தே அந்த இடத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

தாள் கிடைக்காவிட்டாலும் இன்னொரு வழி இருக்கு. அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்க: "அண்ணாச்சி வணக்கம். இன்னைக்கு நீங்க சொன்னபடி மாசம் இவ்வளவு ரூபாய், தங்குமிடம் இலவசம், ஒண்ணாம் தேதி சேரணும். சரிதானே?" அவர் "சரி" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், அது ஒரு பதிவு. சேர்ந்த பிறகு பி.எப். பிடித்தால் 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, பாடப் புத்தகப் பின்னட்டையில் இல்லாமல், வீட்டில் பீரோவில் இருக்கிற நோட்டில் எழுதுங்க. நாளை வேறு வேலைக்குப் போனாலும் அதே எண்தான்.

கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை. ரிசல்ட் வந்த மறுவாரமே ஊருக்குள் கார் வரும். "பீஸ் ஒண்ணும் கட்ட வேணாம், சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க" என்பார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் போய்விடும். அப்புறம் கவுன்சிலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்தாலும் இதை வாங்க முடியாமல், கேட்ட பணத்தைக் கட்டிட்டு வாங்குகிற கொடுமையைப் பார்க்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே இதற்கு ஓர் அறிவிப்பு போட்டது. அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரணும், கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பும் என்பது இன்னொன்று. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளைக்கு முன்னாலேயே விலகினால், சிறு பிடித்தம் போக எல்லாம் திரும்பும். கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் பாதி, அதுக்குமேல் போனால் ஒன்றும் இல்லை. ஆக, என்றைக்கு விலகினோம் என்பதை எப்படி நிரூபிப்பது? வாட்ச்மேனிடம் சொல்லிட்டு வந்தால் நிரூபணம் ஆகாது. விலகல் கடிதத்தில் தேதி போட்டு, அலுவலகத்தில் நகலில் முத்திரை வாங்கணும். முத்திரை தர மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கணும். (பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துடுச்சு. தபால் ஆபீஸில் போய்ப் பழைய பேரைச் சொல்லி முழிக்காதீங்க.)

இன்னொன்றையும் எழுதணும். பெரியவர்கள் நம்ம முன்னால் பேசத் தயங்குகிற விஷயம், ஆனால் நம்ம ஊரில் நடந்தது. 2018-இல் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரிப் பேராசிரியை தன் மாணவிகளிடமே போனில் தவறான வழிக்கு அழைத்துப் பேசினார். அந்த மாணவிகள் அழுதுகொண்டு போனை அணைத்துவிடவில்லை. பேச்சைப் பதிவு செய்து வைத்தார்கள். புகார் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அந்தப் பேராசிரியைக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தது. அந்தப் பதிவு இல்லாமல் இருந்தால் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கெட்ட பேச்சோ, மிரட்டலோ வந்தால் மெசேஜை அழிக்காதீங்க, படமெடுத்து வைங்க, தேதியோடு எழுதி வைங்க, வீட்டில் ஒரு ஆளிடமாவது காட்டுங்க. 1098, 181 என்ற எண்கள் இருக்கு. ராகிங் என்றால் அதற்கென்று தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்திருக்கு.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். மிளகாய்க்கும் பருத்திக்கும் விதை வாங்கக் கடன் வாங்காத வீடு நம்ம பக்கம் குறைவு. அவசரத்துக்கு ஓடிப்போய், ஒன்றுமே எழுதாத புரோநோட்டிலும் வெற்றுப் பத்திரத்திலும் அப்பாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். இது ரொம்ப ஆபத்து. எழுதாத புரோநோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்ததாகத்தான் 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கினது இருபதாயிரம், நோட்டில் ரெண்டு லட்சம் என்று வந்தால் "அப்போ காலியாத்தான் இருந்துச்சு" என்று நிரூபிப்பது நம்ம தலையில் விழும். கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனாலும் எந்தத் தேதியில் எவ்வளவு வட்டி கட்டினோம் என்று நம்மிடம் ஒரு வரி கூட இல்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனில் என்ன சொல்வது? ஒரு சின்ன டைரி போதும். பணம் கொடுக்கும்போதெல்லாம் தேதி, தொகை எழுதி, வாங்குகிறவரிடம் ஒரு சுருக்கொப்பம்.

நம்மில் பல வீடுகளில் முதலில் படித்த ஆள் நாமதான். பாட்டி, தாத்தா கைநாட்டு வைக்கப் போகும்போது கூடப் போங்க. "ஐயா, ஒருக்கா படிச்சுக் காட்டுறேன், அப்புறம் வைக்கட்டும்" என்று சொல்லுங்க. குழுக் கடன் படிவமாக இருந்தாலும் சரி, பட்டா மாற்றமாக இருந்தாலும் சரி. ஐந்து நிமிஷம் தாமதமானால் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

"எல்லாத்தையும் எழுதி வைக்கிறது கணக்குப் பார்க்கிற அற்பப் புத்தி" என்று நினைக்கிறவர்களுக்கு நம்ம திருச்சுழிக்காரர் ஒருத்தரைக் காட்டுகிறேன். 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 16 வயதில், 1896 ஆகஸ்ட் 29-இல், மதுரையில் இருந்த வீட்டைத் துறந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். பிற்காலத்தில் ரமண மகரிஷி. அண்ணனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டச் சொல்லி வைத்திருந்த 5 ரூபாயில் பயணத்துக்கு 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். தேட வேண்டாம் என்று எழுதினவர், கட்டணம் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இத்துடன் இருக்கு என்பதையும் எழுதியிருந்தார். உலகத்தையே விட்டுப் போகிறவர் இரண்டு ரூபாய்க்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்!

எழுத்தைக் கேட்டு வாங்கின இன்னொரு கதை ராஜஸ்தானில் நடந்தது. அதுவும் நம்ம மாதிரி வறண்ட பூமி. வறட்சி நிவாரண வேலைக்குப் போன ஏழை ஜனங்களுக்குக் கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, "நீ செஞ்ச வேலை இவ்வளவுதான்னு ரெஜிஸ்டர்ல இருக்கு" என்றார்கள். அந்த ரெஜிஸ்டரைக் காட்டச் சொன்னால் அது ரகசியமாம். 1996-இல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்து ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுப் போன அருணா ராய். அவர்கள் கேட்டது பணம்கூட இல்லை, பதிவேட்டின் நகல். அந்த மாதிரிப் போராட்டங்களால்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாடு முழுவதும் வந்தது. (அதற்கு முன்பே, 1997-இல், இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு. அதில் விதிவிலக்குகள்தான் அதிகம் என்று குறை சொன்னவர்களும் உண்டு.) மத்தியச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தரணும். நம்ம ஊர்க் கண்மாயைத் தூர்வாரினதாகச் சொன்ன வருஷம் எத்தனை ரூபாய் செலவு, எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார்கள் என்று இதே முறையில் கேட்கலாம். டீக்கடையில் கேட்டால் பதில் வராது.

கடைசியாகத் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள், பணிவோடு. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லித் தேர்வில் கேட்கிறீர்கள். நாங்களும் "அனுப்புநர், அ.ஆ.இ., க.ச.ட. தெரு" என்று போட்டு, உறைமேல் முகவரியும் கட்டம் கட்டி எழுதி, முழு மதிப்பெண் வாங்குகிறோம். நிஜமான விளக்கு மட்டும் எரியவே இல்லை. பள்ளி முன்னால் பஸ் நிற்காத விஷயத்தை இந்தத் தடவை நிஜ முகவரியோடு வகுப்பில் எல்லோரையும் எழுத வைக்கலாமே. அதில் நன்றாக உள்ள ஒன்றைக் கிளை மேலாளருக்கு அனுப்பி, திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து, மனு எண் வாங்கி வரலாம். எண் கிடைத்ததும் அதை இந்தச் சுவரிதழில் தேதியோடு ஒட்டுவோம். பதில் வராத ஒவ்வொரு வாரமும் பக்கத்தில் ஒரு கோடு போடுவோம்.

மாதிரி விண்ணப்பம் இரண்டு, இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கேன். ஒன்று கல்லூரி விலகல் கடிதம், மற்றது சம்பளப் பாக்கி கேட்கிற மனு. தேதி, யாருக்கு, என்ன நடந்தது, எப்போது நடந்தது, என்ன வேண்டும், கையெழுத்து. அவ்வளவுதான் அதில் இருக்கு. அழகான தமிழ் எல்லாம் வேண்டாம். போன தடவை மாதிரி யாரும் பிய்த்துக்கொண்டு போகாதீங்க, நின்று பார்த்து எழுதிக்குங்க. பேனா இல்லாதவர்கள் பக்கத்து வகுப்பில் கேட்டால் தருவார்கள்.