புதிய பதிப்புக்கு முன் ஒரு பழைய ரீலோடு

தொலைதூரத் தளம் ஒன்றில் இருக்கும் ஸ்விட்ச் ஜோடிக்கு மென்பொருள் மாற்ற வேண்டும் என்றதும் நம் கை முதலில் போவது ரிலீஸ் நோட்ஸுக்கு. படிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த இரவில் தளம் விழுந்தால் பழி உடனே புதிய பதிப்பின் மேல் போகிறது. பல நேரம் அது செய்யாத குற்றம். இரண்டில் ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்று வடிவமைப்பு ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அது உண்மைதானா என்று கடைசியாகப் பார்த்தது எப்போது?

மூன்று ஆண்டாக ரீலோடு ஆகாத ஒரு சிஸ்கோ நெக்ஸஸ் ஜோடியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு கேபிள், ஸ்விட்சுக்கு ஒன்றாக. இடையில் யாரோ ஒரு சர்வரை வேறு ரேக்குக்கு மாற்றினார். இரண்டாவது கேபிளைச் செருகவில்லை. புதிதாக ஒரு விலான் வந்தது. அதை ஒரு ஸ்விட்சில் மட்டும் சேர்த்தார்கள். ஒரு ஃபயர்வால், இரண்டு ஸ்விட்சையும் ஒன்றாகக் காட்டும் விபிசியில் சேராமல், ஒற்றைக் காலில் ஆர்ஃபன் போர்ட்டாக நிற்கிறது. அவசரத்தில் செய்த கான்ஃபிக் மாற்றம் ஒன்று சேமிக்கப்படவே இல்லை. இரண்டு ஸ்விட்சும் ஓடிக்கொண்டிருக்கும்வரை இவற்றில் எதுவும் கண்ணில் படாது. மானிட்டரிங் திரை பச்சையாகவே இருக்கும். முதல் ஸ்விட்சை ரீலோடு செய்ததும் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். அதே ரீலோடில் புதிய மென்பொருளும் ஏறியிருப்பதால், எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பொறியாளர் பழைய பதிப்புக்குத் திரும்புகிறார். கோளாறு அங்கேயே இருக்கிறது.

ஆகவே நாம் வலியுறுத்துவது இதுதான்: அப்கிரேடுக்கு ஒரு வாரம் முன்பு, இப்போது ஓடும் அதே மென்பொருளில், ஜோடியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சையும் தனித்தனியாக ஒருமுறை ரீலோடு செய்யுங்கள். கான்ஃபிக்கைச் சேமித்து, ஒரு நகலை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ‘ஷோ விபிசி ஆர்ஃபன்-போர்ட்ஸ்’ தரும் பட்டியலை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு கருவியின் உரிமையாளரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு உடைவது எதுவானாலும் அது ஏற்கெனவே உடைந்திருந்தது; அதில் சந்தேகமே வராது. ஃபிளாஷ் பழுதாகி ஸ்விட்ச் எழவே இல்லை என்றாலும், ஜோடியில் மற்றது தெரிந்த மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கும். மாற்று ஸ்விட்ச் வரவழைக்க நேரமும் இருக்கும்.

சேஞ்ச் கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு வரும். ‘எந்தப் பலனும் இல்லாமல் ஏன் ரீலோடு?’ என்பார்கள். ஜோடியில் ஒன்றை நிறுத்தப் பயப்படும் தளத்தில் மாற்று ஏற்பாடு என்று ஒன்று இல்லை, இரண்டு ஸ்விட்ச் மட்டுமே இருக்கின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. அவசரப் பேட்ச் வந்தால் ஒரு வாரம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. 2023 அக்டோபர் 16 அன்று சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்இ-யின் வலை இடைமுகத்தில் இருந்த ஓட்டை வெளியானபோது அதன் தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து. தாக்குதலும் அப்போதே நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒத்திகை பார்க்க முடியாது. அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு முறை வழக்கமான வேலையாகவே இந்த ரீலோடை வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

இனி அப்கிரேடு இரவு. நாம் மிகவும் அவசரப்படுவது முதல் ஸ்விட்ச் எழுந்து பிங்குக்குப் பதில் சொன்ன பிறகுதான். பிங் பதில் மட்டும் முழுதாக எழுந்ததற்கு அடையாளம் அல்ல. விபிசியில், ரீலோடு ஆகி வந்த ஸ்விட்ச் தன் விபிசி போர்ட்டுகளை உடனே திறக்காது. இயல்பான காத்திருப்பு 30 வினாடி. ரூட்டிங் அண்டை இணைப்புகள் முழுதாக நிலைபெற அதற்கும் மேல் ஆகும் தளங்களில் அந்த நேரத்தை முன்பே கூட்டி வைக்க வேண்டும். முதன்மைப் பொறுப்பும் தானாகத் திரும்பி வராது. முதன்மை ஸ்விட்ச் விழுந்தபோது பொறுப்பேற்ற இரண்டாவது ஸ்விட்சே தொடர்ந்து முதன்மையாக இருக்கும். இது தெரியாதவர் ‘ரோல் மாறிவிட்டது’ என்று பதறி, ஓடுகிற ஸ்விட்சில் கை வைக்கிறார். ரீலோடுக்கு முன் எடுத்த மேக் அட்டவணை, ரூட் எண்ணிக்கை, ஒவ்வொரு போர்ட் சேனலின் இரு கால்கள் ஆகியவற்றோடு இப்போதைய நிலையை வரிவரியாக ஒப்பிட்டுச் சரியாக இருந்தால் மட்டுமே இரண்டாவதைத் தொடலாம். விண்டோ முடியப் போகிறது என்பது இரண்டாவதைத் தொட ஒரு காரணமே அல்ல.

இன்னொன்று, நாம் உள்ளே போகும் வழி. இரண்டு ஸ்விட்சின் மேலாண்மை போர்ட்டும் ஒரு சிறிய ஸ்விட்சில் சேர்ந்து, அந்தச் சிறிய ஸ்விட்ச் இதே ஜோடி வழியாக வெளியே வந்தால் அதற்குத் தனி வழி என்று பெயர் சொல்ல முடியாது. கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில் 2022 ஜூலை 8 அன்று, ஏழு கட்ட மைய நெட்வொர்க் மேம்பாட்டின் ஆறாம் கட்டத்தில், ஒரு ரூட்டிங் வடிகட்டியை எடுத்ததால் மைய ரூட்டர்கள் ரூட் தகவல்களில் மூழ்கின. 1.2 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். மேலாண்மை நெட்வொர்க்கும் அதே மையத்தையே நம்பியிருந்ததால், சரிசெய்ய வேண்டியவர்களே உள்ளே போக முடியாமல் நின்றார்கள். 2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் ஆப்டஸில், அதன் தாய் நிறுவனத்தின் இணைப்பகத்தில் நடந்த மென்பொருள் மேம்படுத்தலைத் தொடர்ந்து, ஏறத்தாழ 90 ரூட்டர்கள் தங்களைத் தாங்களே துண்டித்துக்கொண்டன. பல இடங்களுக்கு ஆளை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. ஸ்விட்ச் ஜோடியைவிட இவை மிகப் பெரிய அமைப்புகள்தாம், ஆனால் உள்ளே போக வழியில்லாமல் நின்ற நிலை ஒன்றே.

எல்டிஇ மோடம் பொருத்திய ஒரு கன்சோல் சர்வர் இருந்தால், எழாத ஸ்விட்ச் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். திரையில் ‘லோடர்’ என்று வந்து நின்றால் இமேஜ் கிடைக்கவில்லை என்று பொருள். அங்கிருந்தே பழைய இமேஜைக் கொடுத்து எழுப்பலாம். பயாஸ் எழுதிக்கொண்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கன்சோல் இல்லாதவருக்கு இந்த இரண்டுமே ஒன்றுபோலத்தான் தெரியும், அதாவது பிங் இல்லை. அவர் தளத்து ஊழியரைக் கூப்பிட்டு மின்சாரத்தைப் பிடுங்கச் சொல்வார். பயாஸ் பாதியில் நின்றால் ஸ்விட்ச் அதோடு போய்விடக்கூடும். ஊழியர் ரேக்கின் பின்பக்கத்தில் தவறான ஸ்விட்சின் வயரைப் பிடுங்கினால் மொத்தத் தளமும் போகும். வேலை தொடங்குமுன் ‘லொகேட்டர்-எல்இடி’ கட்டளையால் நீல விளக்கை ஒளிரவிட்டு எது எது என்று அவரிடம் உறுதிசெய்து, முன்னும் பின்னும் பெயர் ஒட்டச் சொல்லுங்கள். நம்மில் பலர் சென்னையில் உட்கார்ந்து சிகாகோவின் ரேக்கைப் பார்த்துக்கொள்கிறோம். நமக்கு ஞாயிறு காலை பத்தரை என்றால் கோடைகாலத்தில் அங்கே நள்ளிரவு; தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் உதவி அது.

உங்கள் நிறுவனத்தின் சேஞ்ச் படிவத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கப் போராடுங்கள். இந்த ஜோடியில் ஒவ்வொரு ஸ்விட்சும் கடைசியாகத் தனியே ரீலோடு ஆன தேதி. ஜோடியைத் தொடாத வழியில் கன்சோலுக்குள் கடைசியாக நுழைந்து பார்த்த தேதி. இந்த இரண்டும் நிரப்பப்படாத விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.