கூச்சப்படும் மாணவனுக்குச் சங்கம் உதவுமா?

காரைக்குடியில் பிள்ளையை ஆஸ்டலில் சேர்த்துவிட்டுப் பஸ் ஏறும் தாய்க்கு ஒரே கவலை. "படிப்பில் கெட்டிதான். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டானே! எப்படி இருப்பான்?"

இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. மாணவர் சங்கத்தில் சேர்ந்தால் கூச்சம் தெளியுமா?

அமெரிக்காவில்...

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களுக்குச் "சகோதரர் சங்கம்", மாணவிகளுக்குச் "சகோதரிகள் சங்கம்" உண்டு. கிரேக்க எழுத்துக்களே இவற்றின் பெயர். இத்தகைய முதல் சங்கம் 1776-ம் ஆண்டில் தோன்றியது.

பல சங்கங்களுக்குச் சொந்த வீடு உண்டு. அங்கே ஒன்றாகத் தங்கலாம். நண்பர் கூட்டம் உடனே கிடைக்கும்.

ஆனால், பழைய உறுப்பினர்கள் பார்த்துப் பிடித்தவர்களைத்தான் சேர்ப்பார்கள். கலகலப்பாகப் பேசுகிறவனுக்கு இடம் உண்டு. கூச்சப்படுகிறவன் வெளியே நிற்பான்! சேர்க்கும்போது செய்யும் கொடுமையில் உயிரிழந்தவர்களும் உண்டு.

"ராகிங்" கொடுமை

நம் ஊரிலும் அந்தக் கொடுமை நடந்தது. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே பதறியது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. குற்றவாளிக்கு 2 ஆண்டு வரை சிறை!

பெட்டியடிப் பையன்

செட்டிநாட்டுக்கு வேறு ஒரு வழி தெரியும். அந்தக் காலத்தில் இங்கிருந்து சிறுவர்கள் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார்கள். கடையில் "பெட்டியடிப் பையன்" வேலை. பெரியவர்களோடு ஒன்றாகத் தங்கி, வேலை செய்துகொண்டே மனிதர்களோடு பழகக் கற்றார்கள்.

வள்ளல் அழகப்பர் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். 1985-ல் அவர் பெயரில் பல்கலைக்கழகமும் வந்தது. இன்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய வழியைக் காட்டுவது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கிய திட்டம் இது. 2 ஆண்டில் 240 மணி நேரத் தொண்டு. 7 நாள் கிராம முகாமும் உண்டு.

மண்வெட்டி பேசும்!

முகாமில் "பேசு" என்று யாரும் வற்புறுத்துவதில்லை. ஊரணிக் கரையில் முள் வெட்டவேண்டும்; மரக்கன்று நடவேண்டும். "அந்தக் கூடையை எடு" என்பதுதான் முதல் பேச்சு. கையில் வேலை இருந்தால் கூச்சம் தானே குறையும்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. கூட்டம் கண்டாலே நடுங்கும் பிள்ளையைப் பிடித்துத் தள்ளக்கூடாது. அவனுக்கு ஒரு நல்ல தோழன் போதும். சாப்பிடாமல், தூங்காமல் ஒடுங்கிக் கிடந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும்.

பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சங்கம் என் பிள்ளையை எடை போடுமா, அல்லது அவனுக்கு ஒரு வேலை கொடுக்குமா?"

வேலை கொடுக்கும் சங்கமே நல்ல சங்கம்!