எல்லோரும் எம் கடமையைச் செய்தோம்

தெல்தெனிய பஸ் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால், ஆதார வைத்தியசாலைக்குப் போகிறவர்களை இலகுவில் அடையாளம் காணலாம். கையில் ஒரு பை. அதற்குள் கிளினிக் கொப்பி, பழைய மருந்துத் துண்டுகள், ஒரு போத்தல் தண்ணீர். ரங்கல, ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களும் அவர்களுள் இருப்பர். விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய நகரை மூடியபின், 1980களில் மேட்டில் எழுந்த புதிய நகரம் இது. ஒருநாள் வைத்தியம் தேடி இங்கு வருகின்ற ஒருவர் டிக்கட் எழுதுபவர், வைத்தியர், தாதி, இரத்தப் பரிசோதகர், மருந்தாளர், சிற்றூழியர் என ஆறு பேரையாவது சந்தித்துத் திரும்புகின்றார். எந்த வைத்தியசாலையிலும் இதுவே வழமை. எமது கேள்வி ஒன்றுதான். இந்த ஆறு பேரும் அந்த நோயாளியைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்கின்றார்களா?

இக்கேள்வி எம் மனத்தில் எழுந்த சந்தர்ப்பத்தை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

சில வருடங்களுக்கு முன், மலையகத்தின் வேறொரு பகுதியில் நாம் பணியாற்றிய காலம். தோட்டத்தில் ஓய்வு பெற்ற முதியவர் ஒருவருக்குச் சீனி வியாதி. வைத்தியசாலையொன்றில் ஐந்து நாட்கள் தங்கி வீடு திரும்பினார். வைத்தியர் நோயைச் சரியாகவே கண்டறிந்தார். தாதி நேரந்தவறாமல் கவனித்தார். மருந்தாளர் குளிசைகளை உறையிலிட்டு விளக்கமும் சொன்னார். சொன்னது சிங்களத்தில், நோயாளி அட்டையில் எழுதியிருந்தது ஆங்கிலத்தில். வார்ட்டில் தமிழ் பேசத் தெரிந்தவர் ஒரு சிற்றூழியர் மட்டுமே. அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்தில் வாய் திறப்பது தன் வேலை அல்ல என்று அவரும் நினைத்திருக்கலாம்.

வீடு திரும்பிய நாலாம் நாள் முதியவர் வியர்த்துக் கொட்டி, ஆளை ஆள் தெரியாமல் பேசத் தொடங்கினார். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் பக்கத்து லயத்துப் பெண், இது சீனி இறங்கிய கோலம் என்று கண்டுகொண்டு, அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தபோதே சீனி நிறையப் போட்ட சாயத்தண்ணீரைப் பருகக் கொடுத்தார். தோட்டத்து மிட்வைப் அம்மா எப்போதோ ஒரு கூட்டத்தில் சொல்லிக் கொடுத்தது அது. முதியவர் பிழைத்தார்.

பின்பு அவருடைய பையைத் திறந்து பார்த்தோம். இரண்டு உறைகள் இருந்தன. ஒன்றில் வைத்தியசாலை கொடுத்த குளிசை. மற்றதில் அதே மருந்து, வேறு நிறத்தில், வேறு வர்த்தகப் பெயரில். இரண்டும் வேறு வேறு மருந்து என எண்ணி, மனுஷன் இரண்டையும் ஒழுங்காக விழுங்கி வந்திருக்கின்றார். அந்த இரண்டாவது உறை எங்கிருந்து வந்தது? ஒரு மாதத்திற்கு முன் நாமே தோட்டத்துப் பாடசாலையில் நடத்திய இலவச மருத்துவ முகாமிலிருந்து! முகாம் நடத்தியதைத் தோட்ட வைத்திய உதவியாளருக்கு நாம் முறையாக அறிவிக்கவில்லை. யாருக்கு என்ன கொடுத்தோம் என்ற பட்டியலையும் அவரிடம் கையளிக்கவில்லை. முகாமின் புகைப்படங்களை மட்டும் பத்திரமாக வைத்திருந்தோம்.

எல்லோரும் கடமையைச் செய்தோம். கடமைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் ஒரு மனிதர் விழப் பார்த்தார். ஆகவே நாம் இங்கே எழுதுவது மற்றவர்மேல் விரல் நீட்டுவதற்காக அல்ல.

ஏன் இந்த இடைவெளி? முதற் காரணம் கல்வி. பேராதனைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். வருங்கால வைத்தியர்கள் மருத்துவ பீடத்தில் படிக்கின்றார்கள். தாதியியல், மருந்தியல், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் பயில்வோர் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் படிக்கின்றார்கள். குடும்பநல மாதரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வேறு பயிற்சி நிலையங்களிலிருந்து வருகின்றார்கள். நாளை ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கப் போகின்றவர்கள் இவர்கள். ஆனால் மற்றவர் என்ன கற்றார், அவரால் என்ன முடியும் என்பதை அறியாமலே தொழிலுக்கு வருகின்றார்கள். வெவ்வேறு சுகாதாரத் தொழில்களின் மாணவர் சேர்ந்து கற்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 1988லும், மீண்டும் 2010லும் விரிவாக எடுத்துரைத்தது.

இரண்டாவது காரணம் பதவிப் படிநிலை. 2024 ஜனவரியில் வைத்தியர்களுக்கான விசேட படி 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்ந்தபோது, தமக்கும் 35,000 ரூபா வேண்டுமெனக் கோரி 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். யாருடைய கோரிக்கை நியாயம் என்று தீர்ப்பளிப்பது எம் நோக்கமல்ல. வைத்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. ஏனையோரின் பையிலும் விலைவாசி ஓட்டை போட்டிருந்தது. ஆனால் தெருவில் பிரிந்து நின்றவர்கள் அடுத்த வாரம் அதே வார்ட்டில் சந்திக்க வேண்டியிருந்தது. அந்தக் கசப்போடு ஒருவர், "டொக்டர், இந்த அளவு கூடிப்போயிற்றோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்று துணிந்து கேட்பாரா?

கேட்காமல் விடுவதன் விலையை உலகம் கண்டிருக்கின்றது. 1977 மார்ச் 27 அன்று தெனெரிப் தீவில் இரு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். பனிமூட்டத்தில் புறப்பட விரைந்த விமானத்தின் பொறியியலாளர், மற்ற விமானம் இன்னும் பாதையில் நிற்கின்றதோ எனச் சந்தேகம் எழுப்பினார். அனுபவம் மிக்க தலைமை விமானி அதை ஒதுக்கிவிட்டார். சந்தேகம் சரியாக இருந்தது. ஆனால் அதை இரண்டாம் முறை அழுத்திச் சொல்ல யாரும் முன்வரவில்லை. இத்தகைய விபத்துக்களின் பின்னரே விமான நிறுவனங்கள், இளையவர் பேசவும் மூத்தவர் செவிமடுக்கவும் முறையாகப் பயிற்சி அளிக்கத் தொடங்கின.

மருத்துவ உலகும் இதைக் கற்றது. உலக சுகாதார நிறுவனம் 2008ல் சத்திரசிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. புது டில்லி உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் பரீட்சித்தபோது, சத்திரசிகிச்சை மரணங்கள் நூற்றுக்கு 1.5லிருந்து 0.8 ஆகக் குறைந்தன. பெயரைச் சொன்னவருக்கு வாய் திறப்பது எளிதாகின்றது. ஆனால் தாளில் வெறுமனே சரி போட்டு வைத்தால் ஒரு பயனும் இல்லை.

வெளிநாட்டு உதாரணம் மட்டும் போதாது என்பீர்களாயின், எம் நாட்டிலேயே சான்று உண்டு. 1926ல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபோது, வைத்திய அதிகாரி, பரிசோதகர், தாதி, மருத்துவமாது ஆகியோர் ஒரே பிரதேசத்துக்கு ஒரே குழுவாகப் பொறுப்பேற்றனர். 1930களில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேலான தாய்மார் இறந்த நாடு இது. இன்று அத்தொகை 30 அளவில் நிற்கின்றது. இலவச வைத்தியம், மலேரியா ஒழிப்பு, பெண் கல்வி எனக் காரணங்கள் பல. ஆயினும் ஒரு வழக்கத்தை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஒரு தாய் இறந்தால், வைத்தியசாலையைச் சேர்ந்தவர்களும் வெளிக்களப் பணியாளரும் ஒன்றாக அமர்ந்து, எங்கே தவறியது என ஆராய்கின்றார்கள். தண்டிப்பதற்காக அல்ல, அடுத்த தாயைக் காப்பதற்காக. தாய் இறந்தபின் கூடி அமர முடிந்தவர்களுக்கு, முதியவர் வீடு திரும்புமுன் பத்து நிமிடம் கூடி நிற்க முடியாதா?

கொரோனா காலமும் ஒரு பாடம் தந்தது. 2020ல் தெல்தெனிய வைத்தியசாலையும் அந்நோயாளருக்கான சிகிச்சை நிலையமாயிற்று. தலை முதல் கால்வரை மூடும் பாதுகாப்பு உடையில் வைத்தியர் யார், சிற்றூழியர் யார் எனத் தெரியாது. உலகின் பல வைத்தியசாலைகளில் பணியாளர் தம் பெயரையும் பணியையும் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொண்டனர். ஆபத்து வந்தபோது செய்ததை அமைதிக் காலத்தில் ஏன் கைவிட வேண்டும்?

பெருஞ் செலவில்லாத சில காரியங்களை முன்வைக்கின்றோம். வேலைமுறை மாறும்போது வைத்தியர், தாதி, மருந்தாளர், சிற்றூழியர் பத்து நிமிடம் சேர்ந்து நின்று, கவலைக்குரிய நோயாளரைப் பெயர் சொல்லிப் பேசலாம். வாய்மொழியாகப் பெற்ற பணிப்பைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யலாம். வீடு செல்பவரின் பையிலுள்ள பழைய மருந்துகளை மருந்தாளர் ஒருமுறை பார்க்கலாம். மருந்து எடுக்கும் விதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியைத் தோட்ட வைத்திய உதவியாளருக்கு அனுப்பலாம். தமிழ் 1987 முதல் அரசகரும மொழியும் ஆகும். இது சலுகை கேட்பதல்ல. மொழி தெரிந்த சிற்றூழியரை மதிப்போடு அழைத்து நடுவில் நிறுத்தலாம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய வீதிகளில் இனவெறியின் தீயைக் கண்ட மண் இது. இங்கே ஒரு வார்ட்டில் மூவினத்தவரும் ஒருவரையொருவர் நம்பி வேலை செய்வது வைத்தியத்துக்கு அப்பாலும் பயன் தரும்.

எம் பங்கு? அன்றிலிருந்து, நாம் நடத்தும் எந்த முகாமும் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கும் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் தெரியாமல் நடப்பதில்லை. மருந்துப் பட்டியல் மறுநாளே கைமாறுகின்றது. முகாமுக்கு முந்திய கூட்டத்தில் பிள்ளைக் காம்பரா பெண்ணுக்கும் ஓர் ஆசனம் உண்டு. அன்றைய தினம் அந்த முதியவரைக் காத்தது எம் முகாம் அல்ல, அவர்தான்.