ஒரு சீட்டில் இரண்டு பெயர்

அமெரிக்காவில் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை ஜனாதிபதித் தேர்தல் வருகிறது. தேர்தல் வருஷத்தின் கோடைகாலம் பிறந்துவிட்டால் அந்நாட்டு முதலாளிப் பத்திரிகைகளுக்கு ஒரே கவலைதான். இந்தக் கட்சியின் அபேட்சகர் யாரைத் தமக்கு உப ஜனாதிபதி அபேட்சகராகச் சேர்த்துக்கொள்வார்? அந்தக் கட்சியின் அபேட்சகர் யாரைச் சேர்த்துக்கொள்வார்? சேர்த்துக்கொண்டால் எத்தனை ஓட்டுக் கூடும், எத்தனை ஓட்டுக் குறையும்? கூலியைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் எழுத இடமில்லாத பத்திரிகைகள் இந்த ஜோசியத்துக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகின்றன. நமது நாட்டுப் பத்திரிகைகளும் அதை அப்படியே வாங்கி அச்சடிக்கின்றன.

இது வீண் வம்புதானா? இல்லை. இதில் உழைக்கும் மக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பத்திரிகைகள் சொல்லும் விஷயமல்ல.

முதலில் அங்கே தேர்தல் நடக்கும் முறையைப் பார்ப்போம். ஓட்டுச் சீட்டில் ஜனாதிபதி பெயரும் உப ஜனாதிபதி பெயரும் ஜோடியாகவே அச்சாகியிருக்கும். இவர் வேண்டும், அவர் வேண்டாம் என்று பிரித்துப் போட முடியாது. சந்தையில் உழவு மாடு வாங்கப் போனால், ஜோடியாகத்தான் தருவேன் என்று தரகன் பிடிவாதம் பிடிப்பதில்லையா, அதுபோல. அடுத்தபடியாக, நாடு முழுவதும் விழும் ஓட்டை மொத்தமாக எண்ணி வெற்றியை அறிவிப்பதில்லை. ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ராஜ்யத்தில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினவருக்கே அங்குள்ள தேர்வாளர்கள் அத்தனை பேரும். மெய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டு ராஜ்யங்களில் மட்டும் முறை வேறு. இன்று மொத்தத் தேர்வாளர்கள் 538. ஜெயிக்க 270 வேண்டும்.

ஆகவே பெரிய ராஜ்யம் ஒன்று நூல் இழையில் ஊசலாடினால், அந்த ராஜ்யத்துக்காரரை ஜோடியாகப் போட்டு அதை இழுத்துவிடலாம் என்பது பழைய கணக்கு. இந்தக் கணக்கு பலிக்கிறதா? பெரும்பாலும் பலிப்பதில்லை. 1988ல் டுகாக்கிஸ், டெக்சாஸ் செனட்டர் பென்ட்சனைச் சேர்த்துக்கொண்டார். டெக்சாஸ் எதிர்க்கட்சிக்கே போயிற்று. அதே தேர்தலில் புஷ் சேர்த்துக்கொண்ட குவேலைப் பார்த்து ஊரே சிரித்தது. புஷ்ஷுக்கு 426 தேர்வாளர்கள் கிடைத்தார்கள். 2012ல் ராம்னி, விஸ்கான்சின்காரரான ரையனைப் போட்டார், விஸ்கான்சின் கிடைக்கவில்லை. 1968லும் 1972லும் நிக்சனுக்கு ஜோடியாக இருந்தவர் ஆக்னியு. அவர் பின்னால் வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கி 1973ல் ராஜிநாமாச் செய்தார். ஆனாலும் இரண்டு தேர்தலிலும் நிக்சனுக்கே வெற்றி.

கெடுதல் செய்வதற்கு மட்டும் ஜோடிக்குச் சக்தி உண்டு என்று சிலர் சொல்வார்கள். 1972ல் மெக்கவர்ன் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். அவர் அவசரத்தில் பொறுக்கிய ஈகிள்டன், மன நோய்க்கு மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்பது பின்னால் வெளிவந்தது. முழு மனத்தோடு ஆதரிக்கிறேன் என்று முதலில் சொன்ன மெக்கவர்ன், பதினெட்டே நாளில் அவரைக் கைவிட்டார். ஜனங்கள் ஈகிள்டன் மீது கோபப்பட்டதைவிட, சொன்ன வார்த்தையில் நிற்காத மெக்கவர்ன் மீதுதான் சந்தேகப்பட்டார்கள். டிவைன், கோப்கோ என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பல தேர்தல்களின் கணக்குகளை அலசி எழுதிய முடிவும் ஏறக்குறைய இதுவே: ஜோடிக்காரருக்காக ஓட்டு மாற்றிப் போடுகிறவர்கள் சொற்பம், ஜோடியைப் பார்த்து அபேட்சகரின் புத்தியை எடைபோடுகிறவர்களே அதிகம்.

திருவாரூர் மாவட்டத்து விவசாயத் தொழிலாளிகளுக்கு இந்த விவகாரம் ஒரு முறை வீட்டு வாசலுக்கே வந்தது. 2020ல் பைடனுக்கு ஜோடியான கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் பிறந்தவர். அந்த ஊரில் சுவரொட்டி ஒட்டினார்கள், கோயிலில் பூஜை போட்டார்கள். நம் ஊர்ப் பேத்தி என்ற சந்தோஷத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் 2024ல் அவரே ஜனாதிபதி ஸ்தானத்துக்கு நின்றபோது மின்னசோட்டா கவர்னர் வால்ஸைச் சேர்த்துக்கொண்டார். வால்ஸ் பள்ளி ஆசிரியராக இருந்தவர், சாதாரண மனிதரைப் போலப் பேசுகிறவர், தொழிலாளிகளை இழுத்துவருவார் என்றெல்லாம் எழுதினார்கள். தேர்வாளர்கள் டிரம்புக்கு 312, ஹாரிஸுக்கு 226.

அப்படியானால் ஜோடியைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? இங்கேதான் நாம் நிற்க வேண்டும். தேர்தலில் ஜெயிக்க உதவாத ஆள், தேர்தலுக்குப் பிறகு நாட்டையே ஆளக்கூடும். இதுவரை எட்டு ஜனாதிபதிகள் பதவியில் இருக்கும்போதே இறந்து, எட்டு உப ஜனாதிபதிகள் அந்த நாற்காலியில் ஏறியிருக்கிறார்கள். 1974ல் நிக்சன் ராஜிநாமாச் செய்ததால் ஏறிய போர்டையும் சேர்த்தால் ஒன்பது.

1944ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரூஸ்வெல்ட் நான்காவது முறையாக நின்றார். அவர் உடல் நலிந்திருந்தது கட்சித் தலைவர்களுக்குத் தெரியும். உப ஜனாதிபதியாக இருந்த ஹென்றி வாலஸ் குடியானவர்களின் விவகாரம் அறிந்தவர். சோளத்தில் வீரிய வித்து உண்டாக்கியவர். யுத்தத்துக்குப் பிறகு சோவியத் நாட்டோடு சமாதானமாக வாழ வேண்டும் என்றவர். சி.ஐ.ஓ. தொழிற்சங்கத்தார் அவர் பக்கம் நின்றார்கள். கட்சி முதலாளிகளுக்கு அவர் ஆகவில்லை. கட்சியின் பொக்கிஷதாரரான எண்ணெய் வியாபாரி பாலி, சிகாகோ மேயர் கெல்லி, கட்சித் தலைவர் ஹானெகன் முதலியோர் கூடி, அவரை இறக்கிவிட்டு மிசௌரி செனட்டர் ட்ரூமனைக் கொண்டுவர முடிவு செய்தார்கள். ரூஸ்வெல்ட் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

ஜூலையில் சிகாகோவில் மகாநாடு கூடியது. ஒரு நாள் இரவு வாலஸ் ஆதரவாளர்கள் எழுப்பிய ஆரவாரத்தில் மண்டபம் அதிர்ந்தது. அந்த நிமிஷமே ஓட்டெடுத்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார் என்று பலர் கருதினார்கள். தலைமை வகித்தவர் கூட்டத்தை மறுநாளுக்கு ஒத்திவைத்தார். மறுநாள் முதல் ஓட்டெடுப்பில் வாலஸுக்கு 429½, ட்ரூமனுக்கு 319½. இரண்டாவது ஓட்டெடுப்பில் ட்ரூமனுக்கு 1,031. அரை நாளில் அத்தனை பிரதிநிதிகளுக்கும் ஞானோதயம் ஏற்பட்டதென்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ரூஸ்வெல்ட் 432 தேர்வாளர்களோடு ஜெயித்தார். எதிர்த்து நின்ற டூவிக்கு 99. வாலஸ் இருந்திருந்தாலும் தோற்றிருக்க மாட்டார் என்பதே நமது அபிப்பிராயம். ஆகவே அந்தப் பேரத்தைத் தேர்தல் கணக்கில் எழுதவே முடியாது. 1945 ஏப்ரல் 12ந் தேதி ரூஸ்வெல்ட் இறந்தார். உப ஜனாதிபதியாக 82 நாள் மட்டுமே இருந்த ட்ரூமன் ஜனாதிபதியானார். ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்த அணுகுண்டுகள் அவருடைய ஆட்சியில் விழுந்தவை.

ஜோடி உண்மையிலேயே தேர்தலைத் திருப்பியதென்று சொல்லத்தக்க ஒரு தேர்தல் உண்டென்றால் அது 1960. அங்கும் தொழிலாளிகள்தான் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் மகாநாட்டில் கென்னடி 806 ஓட்டு வாங்கி அபேட்சகரானார். 409 ஓட்டு வாங்கித் தோற்ற லிண்டன் ஜான்சனையே மறுநாள் அவர் ஜோடியாக அழைத்தார். கென்னடி வடக்கே மாசசூசெட்ஸ்காரர், கத்தோலிக்கர். தெற்கே அவருக்குச் செல்வாக்கு இல்லை. ஜான்சன் டெக்சாஸ்காரர், செனட்டில் கட்சித் தலைவர். செய்தி வெளியானதும் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் கொதித்தெழுந்தார்கள். காரணம் இருந்தது. 1947ல் டாப்ட்–ஹார்ட்லி சட்டம் வந்தபோது ஜான்சன் அதற்கு ஆதரவாக ஓட்டளித்தவர். சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தை அந்தச் சட்டம் தடுத்தது. அனுதாப வேலைநிறுத்தங்களுக்கு முட்டுக்கட்டை போட்டது. பெரிய வேலைநிறுத்தங்களைக் கோர்ட் மூலம் 80 நாள் நிறுத்திவைக்க ஜனாதிபதிக்கு வழி செய்தது. அதன் 14(பி) பிரிவு இன்னொரு கண்ணி: சங்கம் போராடி வாங்கிய கூலி உயர்வை எல்லோரும் வாங்கிக்கொள்ளலாம், சந்தா மட்டும் கொடுக்கத் தேவையில்லை என்று ஒவ்வொரு ராஜ்யமும் சட்டம் செய்துகொள்ளலாம். டெக்சாஸ் அந்த வருஷமே செய்துகொண்டது. சங்கத்தை உடைக்க நிர்வாகம் எடுக்கும் உபாயங்களை நேரில் கண்ட ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மோட்டார் தொழிலாளிகளின் கோட்டையான மிச்சிகன் பிரதிநிதிகள் மகாநாட்டிலேயே எதிர்த்துப் போராடுவோம் என்றார்கள். கென்னடியின் தம்பி ராபர்ட், ஜான்சனிடமே போய் விலகிவிடச் சொன்னதாகவும் உண்டு. அன்று யார் என்ன சொன்னார்கள் என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கதை. முடிவில் ஓட்டே எண்ணவில்லை. வாய் ஓட்டு எடுத்து, ஏகோபித்த சம்மதம் என்று அறிவித்துவிட்டார்கள். சங்கத் தலைவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றார்கள். எதிரே நின்ற நிக்சனும் அதே சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவர்தானே!

ஜான்சன் வேலை செய்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அக்டோபரில் தனி ரயிலில் ஏறித் தென் ராஜ்யங்களின் ஊர் ஊராகப் பேசினார். நவம்பர் 4ந் தேதி டாலஸ் நகர ஹோட்டலில் பட்டும் ரோமக்கோட்டும் அணிந்த பணக்காரக் கும்பல் ஒன்று அவரையும் மனைவியையும் சூழ்ந்து இழிவு செய்தது. அவர் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார் என்று சொல்வார்கள். அதைக் கண்ட தெற்கத்தியர் பலர் இரக்கப்பட்டார்கள். நிக்சனுக்கு ஜோடியான லாட்ஜோ பகலில் தூங்கப் போய்விடுகிறார் என்று அவர் கட்சிக்காரர்களே குறைப்பட்டார்கள். மந்திரிசபையில் கறுப்பின மனிதர் ஒருவர் இடம் பெறுவார் என்று அவர் ஹார்லெமில் வாக்குக் கொடுத்தார். அது அவருடைய சொந்த அபிப்பிராயம் என்று நிக்சன் தரப்பு கைகழுவியது. வடக்கே நம்பிக்கையும் போயிற்று, தெற்கே சந்தேகமும் சேர்ந்தது.

முடிவு என்ன? ஏறக்குறைய 6 கோடியே 88 லட்சம் ஓட்டில் வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சமே. தேர்வாளர்கள் கென்னடிக்கு 303, நிக்சனுக்கு 219. அன்று தேவைப்பட்டது 269. 1952லும் 1956லும் ஐசன்ஹோவருக்குப் போன டெக்சாஸ், இந்த முறை சுமார் 46,000 ஓட்டு வித்தியாசத்தில் கென்னடிக்கு வந்தது. அதன் தேர்வாளர்கள் 24. அது மட்டும் போயிருந்தால் 279, அப்போதும் வெற்றிதான். அதோடு இரண்டு கரோலினாக்களும் போயிருந்தால்? 14ம் 8ம் கழிய, கென்னடி 257, நிக்சன் 265. யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. விவகாரம் பிரதிநிதிகள் சபைக்குப் போய், ராஜ்யத்துக்கு ஒரு ஓட்டு என்று பேரம் நடந்திருக்கும்.

தெற்கை ஜெயித்தார் என்கிறார்களே, அந்தத் தெற்கில் ஓட்டுப் போட்டவர்கள் யார்? டெக்சாஸில் தலைவரி கட்டினால்தான் ஓட்டு. பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்த கறுப்பின மக்களை ஜனத்தொகையில் எண்ணித் தேர்வாளர் தொகையைக் கூட்டிக்கொள்வார்கள். ஓட்டுச்சாவடிக்கு வந்தால் துரத்துவார்கள். மிஸிஸிப்பியில் 1964ல்கூட வயது வந்த கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர் கூடப் பட்டியலில் இல்லை. தென் ராஜ்யத்தாரைத் திருப்தி செய்ய ஜோடி தேடுவதென்றால், அங்கே ஓட்டுள்ள வெள்ளையரைத் திருப்தி செய்வது என்றே பொருள். அதே தேர்தலில் மார்ட்டின் லூதர் கிங் ஜார்ஜியாவில் சிறைப்பட்டபோது கென்னடி அவர் மனைவிக்கு டெலிபோனில் ஆறுதல் சொன்னார். வடக்கே கறுப்பினத் தொழிலாளிகள் அதை நினைவில் வைத்து ஓட்டளித்தார்கள். இல்லினாய்ஸ் 9,000க்கும் குறைந்த வித்தியாசத்தில் கென்னடிக்குக் கிடைத்தது. அந்த ஒரு டெலிபோனுக்குப் பத்திரிகைகள் ஜான்சனுக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது கொடுத்தனவா?

1963 நவம்பர் 22ந் தேதி டாலஸில் கென்னடி சுடப்பட்டு இறந்தார். சங்கப் பிரதிநிதிகள் வேண்டாம் என்ற ஜான்சன் ஜனாதிபதியானார். தெற்கத்தியரைத் திருப்தி செய்யப் பொறுக்கப்பட்ட அவரே 1964ல் சிவில் உரிமைச் சட்டத்திலும் 1965ல் ஓட்டுரிமைச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். முதியோர் வைத்தியச் சட்டமும் வந்தது. மக்கள் இயக்கம் தெருவில் நின்று ரத்தம் சிந்தியதால் வந்தவை இவை. ஆனாலும் கையெழுத்து அவருடையது. வியட்னாமுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் துருப்புக்களை அனுப்பியதும் அதே கைதான். இவற்றில் எதையேனும் எண்ணிப் பார்த்து 1960ல் அவருக்கு யாராவது ஓட்டளித்தார்களா?

14(பி)யை ரத்து செய்யும்படி 1965ல் ஜான்சனே கேட்டார். பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட்டில் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்தி மசோதாவைச் சாகடித்தார்கள். அந்தப் பிரிவு இன்றும் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் ராஜ்யங்கள் இருபத்தாறு. டெக்சாஸ் அவற்றில் ஒன்று.