புதிய கருவி, பழைய செவி



1970களில் வெளிவந்த கென்வுட் டிஎஸ்-520 என்னும் அமெச்சூர் வானொலிக் கருவியில் பேச விரும்புகிறவர் பொறுமையுள்ளவராய் இருக்க வேண்டும். வால்வுகள் சூடேறும்வரை காத்திருந்து, அலைவரிசை மாறும்போதெல்லாம் 'பிளேட்', 'லோடு' குமிழ்களைத் திருப்பிச் சீர்செய்ய வேண்டும். 2016இல் வந்த ஐகாம் ஐசி-7300 இந்த உழைப்பை நீக்கிவிட்டது. வந்துசேரும் குரல்களைத் தொடுதிரையில் ஒளிக்கோடுகளாய்க் காட்டுகிறது. ஆகவே, பழையதை விட்டுப் புதியதை வாங்குவது வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். புதிய கருவி அனுப்பும் ஆற்றலும் பழையதைப் போல ஏறத்தாழ 100 வாட்தான். குரலைத் தொலைதூரம் சேர்ப்பவை ஆண்டெனாவும் அயனி மண்டலமும். மெல்லிய குரலை இரைச்சலினின்று பிரித்தறிவது செவி. பளிச்சிடும் கோடுகளையே நாடப் பழகிய கண், மங்கிய கோட்டைக் கடந்துபோய்விடும்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர், உறவினரைத் தேடித் தவித்தோருக்குச் செய்தி சேர்த்தார்கள். அத்தகைய வேளையில் மங்கிய குரல் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.

கருவியைப் புதுப்பியுங்கள். பழையதைப் பரணில் போடாமல், உரிமம் பெற்ற இளைஞர் ஒருவருக்குக் கொடுங்கள். காத்திருந்து கேட்கும் பழக்கத்தை மட்டும் அதனோடு கொடுத்துவிடாதீர்கள். புதிய கருவிக்கும் அது தேவை.